முடக்கு வைத்த கான்

சேமலாப நிதிக்கு வயதுச் சான்று போதாதென்று
ஹற்றன் கந்தோரில் திருப்பி அனுப்பினார்கள்.
அதனால்தான் டிஸ்பென்சரியின் பழைய கொப்பியைத் திறந்தோம்.
கரப்பான் தின்றது போக மிஞ்சிய பக்கத்தில்
நீல மையில் மருந்தையாவின் கையெழுத்து:
இருளாண்டி. தகப்பன் பெயர் வெள்ளையன்.
மேல் டிவிசன், தொங்கல் காம்பரா.
நெருப்புக் காய்ச்சல்.
மரணம், எண்பத்தொன்பது ஐப்பசி.

போன மாதம் நாங்கள் புதைத்ததும்
இருளாண்டியைத்தான்.
தகப்பன் பெயர் வெள்ளையன்.
மேல் டிவிசன். தொங்கல் காம்பரா.

மருந்தையாவின் மகன் கொப்பியை மூடினான்.
"எழுத்துப் பிழையா இருக்கும் தங்கச்சி" என்றான்
என் முகத்தைப் பார்க்காமல்.

மழையில் நடந்து வரும்போது
ஒவ்வொன்றாய் வந்து ஒட்டின, அட்டைகளைப் போல,
ஒட்டும்போது தெரியாதவை.

அவசரம் வந்தால் தாத்தா "கெதியா" என்பார்.
"வெரசான்னு சொல்லுங்கப்பா" என்று
கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அம்மா திருத்துவாள்.
தேர்த் திருவிழா வெடிக்கு
லயமே வானத்தைப் பார்த்தபோது
அவர் என் பிடரியை அழுத்தி
மண்ணைப் பார்க்க வைத்தார்.
வாய்க்குள் சேறு. நான் ஒரு கிழமை பேசவில்லை அவரோடு.

பிறகு, கான்.
ஏழாம் நம்பர் மலையில் கான் வெட்ட
அவரைப் போல் ஆளில்லை என்பார்கள்.
ஆனால் பதினைந்தடிக்கு ஒருதரம்
வலப்பக்கம் ஒரு முடக்கு வைப்பார், நெஞ்சளவு ஆழத்தில்.
"தண்ணி நேராப் போகும்யா, அதுக்கு எதுக்கு முடக்கு?
அரப்பேருதான் போடுவேன்" என்று கணக்கப்பிள்ளை கத்துவார்.
அரைப்பேரை வாங்கிக்கொண்டு
மறுநாளும் முடக்கு வைத்தார்.

அம்மா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள்.
சொன்னேன்.
ரொட்டியைப் புரட்டிப் போட்டாள்.
முப்பத்துநாலு வருசம் அவள் நாக்கின் அடியில்
பதுங்கியிருந்த பேச்சு
எழுந்து வெளியே வந்தது:

"அவர் என்ர அப்பா இல்ல.
எங்கட வளவில கிணறு வெட்ட வந்தவர்.
ஷெல் விழேக்க கிணத்துக்குள்ள நிண்டவர்.
ஏறி வரேக்க
வளவில நான் மட்டும்தான்.
சென்றியில ஆமிக்காரன் கேட்டான், மகளோ எண்டு.
ஓம் எண்டார்.
அண்டையில இருந்து ஓம்தான்."

கூடக் கிணறு வெட்டிய மலைநாட்டான் ஒருவன்
எப்போதோ சொல்லிவைத்த விலாசம்
இந்தத் தொங்கல் காம்பரா.
கதவைத் திறந்தவள் பேச்சியாயி,
புருசன் செத்தும் அவன் அட்டையைத்
திருப்பிக் கொடுக்காமல் ட்ரங்குப் பெட்டியில் வைத்திருந்தவள்.
படம் மாற்றி ஒட்ட
சோற்றுப் பசை போதுமானதாய் இருந்தது.
பிறகு பிரட்டுக்களத்தில் பேர் கூப்பிடும்போது
செத்தவன் "ஐயா" என்று கை தூக்கினான்.
லயத்தில் இருபது குடும்பம்.
ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"அவரோட உண்மையான பேரு?"

ரொட்டி கருகியது.
"கேக்கேல்ல. எனக்கு ஆறு வயசு.
கிணத்துக்காரர் எண்டுதான் அம்மா கூப்பிடுறவா."
எந்த அம்மா என்று விளங்க
எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

திங்கட்கிழமை கிராம சேவகரின் கடிதத்தோடு
மறுபடி ஹற்றன்.
இறந்தவரின் சரியான முழுப்பெயர், என்றது படிவம்.
பேனை நின்றது.
பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது.
இருளாண்டி என்று எழுதினேன்,
ளகரம் பிசகாமல்.
நாங்கள் அவரிடமிருந்து கற்ற பொய் அது,
இனி எங்கள் பிள்ளைகளுக்கும் முதலெழுத்து.

திரும்பி வந்து
லயத்துக்குப் பின்னால் கரட் பாத்தியோரம்
அவர் இங்கு வந்து முதன்முதலாய் வெட்டிய கானில் இறங்கினேன்.
எனக்கும் நெஞ்சளவுதான்.
முடக்கில் புல்லை விலக்கினேன்.
சுவரில், ஒரு சாண் உயரத்தில்,
என் பாதம் பாதிகூட அடங்காத
ஒரு சின்னப் படி.

தண்ணீருக்கு எதற்குப் படி?